பத்துப் பேர் கூடினால்

அப்பா விட்டுச்சென்றவற்றில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி. முதல் பக்கத்தில் 'மரணநிதி' என்று அவர் கையெழுத்தில் தலைப்பு. அதன் கீழே முப்பத்தொரு பெயர்கள். தாமிரபரணிக் கரையின் ஐந்தாறு ஊர்களிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு லேத்து ஓட்டவும் வெல்டிங் பிடிக்கவும் வந்தவர்கள் எல்லாரும். ஆளுக்கு மாதம் 2 ரூபாய். யாராவது இறந்துபோனால் உடலை ஊருக்கு எடுத்துப்போகும் வண்டிச் செலவு, அந்த வீட்டுக்கு மூன்று மாத அரிசி. சங்கம் என்று இருந்தது அவ்வளவுதான். அதற்கு ஒரு பெயர்கூட அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

நோட்டின் நடுவில் ஒரு மனுவின் நகல் வருகிறது. தெருவுக்கு இரண்டு விளக்கும் ஒரு பொதுக் குழாயும் வேண்டும் என்று கேட்டு எழுதியது. கீழே கையெழுத்துகள். முதல் பக்கத்தில் இருந்த அதே பெயர்கள், ஏறக்குறைய அதே வரிசையில். இரண்டு பெயர்கள் இல்லை. அந்த இருவருக்கும் நிதி கொடுத்த கணக்கு முன்பக்கங்களில் இருக்கிறது. மனுவின் தலைப்பில் முகவரியாக இருப்பது அப்பாவின் வீட்டுக்காரருடைய கதவு எண். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்திலிருந்து அம்பத்தூரிலேயே இருந்த குடும்பம் அவருடையது. வாடகைக்கு வந்தவர்கள் இன்று இருப்பார்கள், நாளை மாறுவார்கள். பதில் கடிதம் வந்தால் தொலையக் கூடாது என்று அவரே தன் முகவரியைப் போட்டுக்கொள்ளச் சொன்னாராம். "அண்ணாச்சி, நம்ம வீட்டு நம்பரப் போட்டு எழுதுங்க" என்று அவர் சொன்னதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிணம் தூக்கக் கூடியவர்கள் விளக்கு கேட்கவும் கூடினார்கள். வந்தேறிய மக்களுக்கு ஊர்ப் பொதுவில் குரல் எப்படிப் பிறக்கிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் விடை அந்த நோட்டுதான். இரண்டாவது விடையை யூதர்களின் வரலாற்றில் கண்டேன். மூன்றாவது, நம் சென்னையிலேயே இருந்தது.

*

யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த பத்துப் பேர் வேண்டும். மரபு வழியில் பத்து ஆண்கள். அந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு 'மின்யான்' என்று பெயர். இறந்தவருக்காகப் பிள்ளை சொல்லும் பிரார்த்தனையையும் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் சூழ இருக்க வேண்டும். ஆகவே எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும், மொழி தெரியாவிட்டாலும், வேலை கிடைக்காவிட்டாலும், ஒரு யூதன் முதலில் தேட வேண்டியது இன்னும் ஒன்பது பேரை. தேடிய பிறகு கல்லறைக்கு நிலம். இந்தத் தேவைதான் அவர்களுடைய சங்கங்களுக்கு விதை என்று நினைக்கிறேன்.

1843 அக்டோபரில் நியூயார்க்கின் எசெக்ஸ் தெருவில் ஒரு காபிக் கடையில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய பன்னிரண்டு யூதர்கள் கூடினார்கள். 'ப்னே ப்ரித்', அதாவது உடன்படிக்கையின் மக்கள், என்ற அமைப்பு அன்று பிறந்தது. பின்னாளில் உலகெங்கும் கிளை பரப்பி, அரசுகளிடம் யூதர்களுக்காகப் பேசிய அமைப்பு அது. ஆனால் அது செய்த முதல் காரியம், இறந்துபோன உறுப்பினரின் மனைவிக்கு அடக்கச் செலவாக 30 டாலரும், பிறகு வாரம் ஒரு டாலரும் என்று ஏற்பாடு செய்தது. அப்பாவின் நோட்டில் இருக்கும் வண்டிச் செலவும் அரிசியும் அங்கே டாலராக இருக்கின்றன.

1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசிலிருந்தும் சுற்றுப்புற நாடுகளிலிருந்தும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்கா போனார்கள். அவர்கள் ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். இத்திஷ் மொழியில் அவற்றுக்கு 'லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட்' என்று பெயர். தமிழில் ஊர்ச் சங்கம் என்றால் போதும். பொருள் முழுதும் வந்துவிடும். போலந்தின் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து வந்த தையற்காரர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் கூடி, நோயில் படுத்தவருக்கு வாரப் படி, சங்கத்துக்கென்று ஒரு வைத்தியர், கூட்டாக வாங்கிய இடுகாட்டு நிலம் என்று நடத்தினார்கள். நியூயார்க்கில் மட்டும் இத்தகைய சங்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சங்கங்களுக்கு எழுதப்பட்ட விதிகள் இருந்தன. தலைவர், செயலர், பொருளாளர் தேர்தல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, தீர்மானத்தை முன்மொழிதல், வழிமொழிதல், எதிர்த்துப் பேசுதல். ஜார் ஆட்சியில் வாக்கு என்பதையே அறியாமல் வந்தவர்கள், பத்துக்குப் பத்து அறையில் அடக்கச் செலவு பற்றி விவாதித்தபோதுதான் ஜனநாயகத்தைப் பழகினார்கள். நகரசபையில் பேசுவதற்கான நாக்கு அங்கே திருந்தியது.

அந்த நாக்குக்கு வேலை வந்தது 1908இல். நகரின் குற்றவாளிகளில் பாதிப் பேர் யூதர்கள் என்று நியூயார்க்கின் காவல்துறை ஆணையர் தியோடர் பிங்காம் ஒரு பத்திரிகையில் எழுதினார். எதிர்ப்பு கிளம்பியது, அவர் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் எல்லாருக்குமாகப் பேச ஓர் அமைப்பு இல்லையே என்ற உணர்வு அத்தோடு அடங்கவில்லை. அடுத்த ஆண்டு இருநூறுக்கும் மேற்பட்ட சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி 'கெஹில்லா' என்ற பொது அமைப்பைத் தொடங்கினார்கள். ஜூடா மேக்னஸ் என்ற ராபி தலைமை ஏற்றார். கல்வி, தொழில் தகராறு, குற்றத் தடுப்பு என்று அது பல வேலைகளை எடுத்துக்கொண்டது. 1922க்குள் கலைந்தும் போனது. மேலே கட்டிய கூரை விழுந்தது. கீழே இருந்த ஊர்ச் சங்கங்கள் விழவில்லை. அடுத்த தலைமுறைவரை அவை நின்றன.

நம்மவர் கதையும் இதுதான். 1983க்குப் பிறகு டொராண்டோவில் குவிந்த ஈழத் தமிழர்கள் முதலில் வைத்தவற்றில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் முக்கியமானவை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், ஊர்க் கோயிலுக்குத் திருப்பணி, செத்த வீட்டுக்கு உதவி. அந்த மண்ணிலிருந்துதான் 2011இல் ராதிகா சிற்சபைஈசன் கனடா நாடாளுமன்றத்துக்குப் போனார். கெரி ஆனந்தசங்கரி கொண்டுவந்த தீர்மானத்தின்படி ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அந்நாட்டு மக்களவை 2016இல் ஏற்றது. நாடாளுமன்றத்தில் கேட்ட அந்தக் குரலுக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை மண்டபங்களில் சந்தா வசூலித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வராது.

*

யூதர்களின் குடியேற்றக் கதையில் என்னை மிகவும் பாதித்த மனிதர் ஆசர் லெவி. 1654இல் பிரேசிலின் ரெசிஃபெ துறைமுகத்தைப் போர்த்துக்கீசியர் மீட்டபோது அங்கிருந்து கிளம்பிய 23 யூதர்கள், இன்று நியூயார்க் எனப்படும் நியூ ஆம்ஸ்டர்டாமில் வந்து இறங்கினார்கள். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களை விரட்டப் பார்த்தார். ஆம்ஸ்டர்டாமின் யூத வணிகர்கள் டச்சு மேற்கிந்தியக் கம்பெனிக்கு மனுக் கொடுத்தார்கள்; கம்பெனியின் பங்குதாரர்களில் யூதர்களும் இருந்தார்கள். தங்கலாம் என்று 1655இல் உத்தரவு வந்தது. ஒரு நிபந்தனை: அவர்களுடைய ஏழைகளை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு எழுந்த எத்தனையோ உதவிச் சங்கங்களுக்கு அந்த நிபந்தனையே அடிக்கல் ஆயிற்று.

அந்த ஊரின் ஆண்கள் முறைவைத்து இரவுக் காவல் நிற்க வேண்டும். யூதர்கள் மட்டும் நிற்க வேண்டாம், பதிலுக்கு மாதம் வரி கட்டட்டும் என்றது நிர்வாகம். கசாப்புத் தொழில் செய்த லெவி மறுத்தார். மற்றவர்கள் போல நானும் காவல் நிற்கிறேன், இல்லையேல் வரியை நீக்குங்கள் என்று இன்னொருவரோடு சேர்ந்து 1655 நவம்பரில் மனுக் கொடுத்தார். பிடிக்காவிட்டால் ஊரைவிட்டுப் போகலாம் என்று பதில் வந்தது. அவர் போகவில்லை. 1657இல் குடியுரிமை கேட்டபோது, நான் இந்த ஊருக்காகக் காவல் நிற்கிறேனே என்பதையே காரணமாகச் சொன்னார். குடியுரிமை கிடைத்தது.

லெவி சலுகை கேட்கவில்லை. கடமையில் பங்கு கேட்டார். காவல் நின்றவனை இந்த ஊர்க்காரன் அல்ல என்று எந்த ஆளுநராலும் நெடுநாள் சொல்ல முடியாது. ஊரின் பாரத்தில் ஒரு முனையைப் பிடிப்பதே ஊரின் பேச்சில் இடம்பிடிக்கும் வழி. அம்பத்தூரில் தெருவிளக்கு கேட்டவர்களும் கம்பத்துக்குக் குழி நாங்களே தோண்டித் தருகிறோம் என்று மனுவில் எழுதியிருந்தார்கள்.

*

இப்போது சென்னைக்கு வருகிறேன்.

ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தப் பவழத்தைக் கொண்டுவந்தவர்கள் யூதர்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மதவிசாரணைக்குத் தப்பி ஆம்ஸ்டர்டாம், லிவோர்னோ, லண்டன் என்று சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராசப்பட்டினத்துக்கு வந்தார்கள். மத்தியதரைக் கடலின் பவழத்தை இங்கே விற்று, கோல்கொண்டாவின் வைரத்தை லண்டனுக்கு அனுப்பினார்கள். ஜாக் டி பைவா, பர்த்தலோமியோ ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ டா ஃபொன்சேகா ஆகியவை அக்காலப் பதிவுகளில் வரும் பெயர்கள். சுரங்கங்களுக்கே போய்வந்த டி பைவா 1687இல் இங்கே இறந்தார். பெத்தநாயக்கன்பேட்டையில் அவர்களுக்கென்று இடுகாடு இருந்தது. இங்கும் கல்லறை நிலம் வந்துவிட்டது, பாருங்கள்.

ஆங்கிலேயரின் கோட்டைக்கு மேற்கே பூந்தமல்லிச் சீமை கோல்கொண்டா சுல்தானின் அதிகாரிகள் கையில் இருந்த காலம் அது. கோட்டைக்குள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேறொரு தலைவலி. நகரத்தின் செலவுக்கு வரி போட்டால் மக்கள் கொடுப்பதில்லை. 1686இல் வீட்டுவரியை எதிர்த்துக் கடையடைத்தார்கள். தங்கள் ஆட்களே சபையில் உட்கார்ந்து வரி விதித்தால் மக்கள் மனமுவந்து கட்டுவார்கள் என்று லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டு கணக்குப் போட்டார். 1687 டிசம்பரில் சாசனம் எழுதப்பட்டது. 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி பிறந்தது. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மன்கள், அறுபது பர்ஜஸ்கள். நத்தேனியல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆல்டர்மன்களில் கம்பெனி ஊழியர்களோடு போர்த்துக்கீசியருக்கும் நம் நாட்டு வணிகர்களுக்கும் இடம் இருந்தது. யூத வணிகர்களுக்கு மூன்று இடம்.

இதன் பெருமையை அறிய லண்டனைப் பார்க்க வேண்டும். அந்த நகரசபையில் ஆல்டர்மனாக ஒரு யூதர், டேவிட் சாலமன்ஸ், அமர்ந்தது 1847இல். நாடாளுமன்றத்தில் லயனல் டி ரோத்ஸ்சைல்டு அமர்ந்தது 1858இல். சாசனத்தை அனுப்பிய தலைநகரம் தன் யூதர்களுக்கு மறுத்த இருக்கையை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே இந்தக் கடற்கரை ஊர் கொடுத்திருக்கிறது.

அந்த மூன்று நாற்காலிகள் பிறகு என்ன ஆயின? பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்பட்டது; கோல்கொண்டாச் சுரங்கங்கள் வற்றின; வணிகம் இடம் மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் குடும்பங்கள் கரைந்தன. அவர்களுடைய கல்லறைக் கற்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம்பெயர்க்கப்பட்டு, இன்று அவ்வை சண்முகம் சாலை என்று பெயர்பெற்ற லாயிட்ஸ் சாலையில் ஒரு சிறு அடைப்புக்குள் இருக்கின்றன. பிற்காலத்தில் பவழக்காரத் தெருவில் நகரத்தார் விடுதிகளும் கிட்டங்கிகளும் வந்தன.

அந்த நகரத்தாருக்கும் இதே கதை கடல்கடந்து நேர்ந்தது. 1937இல் இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்தபோது, அதன் சட்டசபையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கத்துக்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு வணிகச் சங்கத்தின் பெயரால் அயல்நாட்டுச் சட்டசபையில் தமிழருக்கு ஒரு நாற்காலி. ஐந்தாண்டுகூட ஆகவில்லை, 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது மக்கள் அரக்கான் மலை வழியே நடந்து வந்தார்கள். 1964இல் நெ வின் அரசு கடைகளை எல்லாம் தேசியமயமாக்கிய பிறகு, மிஞ்சியிருந்தவர்களும் கப்பல் ஏறினார்கள்.

மதராஸ், பர்மா இரண்டு இடத்து நாற்காலிகளும் பணத்துக்காகத் தரப்பட்டவை. வரி வேண்டியிருந்தது, கடன்முதல் வேண்டியிருந்தது. பயன் இருக்கும்வரை மதிப்பு. பயனுக்காகத் தரப்பட்ட குரல் பயனோடு போய்விடும். நியூயார்க்கின் தையற்காரர்களுக்கு யாரும் நாற்காலி தரவில்லை. அடக்கச் செலவில் தொடங்கி அவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். தச்சன் செய்யாத நாற்காலியைத் தச்சன் பிடுங்கிக்கொள்ள முடியாது.

*

சென்னையின் மேற்குப் புறநகர் முழுவதும் வந்தவர்களால் ஆன ஊர். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானித்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் படையுடுப்புத் தொழிற்சாலையும் வந்தன. அம்பத்தூரில் சைக்கிள், டயர் ஆலைகளைத் தொடர்ந்து 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. திருநெல்வேலி, இராமநாதபுரம், வடஆற்காடு ஜில்லாக்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். மலையாளிகள் சமாஜமும் ஐயப்ப பூஜைக் குழுவும் வைத்தார்கள். தென்மாவட்டத்தார் ஊர்க் கொடைக்கு இங்கிருந்தே தலைக்கட்டு வரி வசூலித்து அனுப்பச் சங்கம் வைத்தார்கள். பட்டாபிராமிலிருந்து பாடி வரைக்கும், பூந்தமல்லி கரையான்சாவடி வரைக்கும் இந்தச் சங்கங்கள் பின்னால் குடியிருப்போர் நலச் சங்கங்களாக மாறின. சில கலந்தன, சில கிளைத்தன.

அவை செய்த வேலை சிறிதல்ல. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு ஏழாவது மண்டலம் ஆனது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக மாநகரத்தின் 200 வார்டுகளில் ஒன்றுக்கும் கவுன்சிலர் கிடையாது. அந்த ஆண்டுகளில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய குழியை மூடச் சொல்லவும், மழைநீர் புகுந்த தெருவுக்கு மோட்டார் கேட்கவும் மண்டல அலுவலகப் படியேறியவர்கள் இந்தச் சங்கத்துக்காரர்கள். ஓய்வுபெற்ற ஃபோர்மேன், தபால்காரர், ஆசிரியை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்களும் அந்தப் பகுதி மக்களே. அவர்களை வணங்குகிறேன்.

ஆனால் ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். கதவைத் தட்டி உள்ளே வந்தவர்கள், பின்னால் வருகிறவருக்குக் கதவைச் சாத்திவிடுவது சங்கங்களின் பழைய நோய். யூதர்களும் இதற்கு விலக்கல்ல. கொச்சியின் பரதேசி சினகாக் என்ற தொழுகைக்கூடத்தில், அடிமைகளாக இருந்து விடுபட்டவர்களின் வழிவந்தோர் சம உரிமையோடு உட்கார முடியாத காலம் இருந்தது. அந்த மரபில் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம் அந்த வாசற்படியில் சத்தியாக்கிரகம் இருந்தார். கொச்சிச் சட்டசபையில் யூதர்களின் பிரதிநிதியாக அமர்ந்தவர் அவர். வெளியே தன் மக்களுக்காகப் பேசிய அதே மனிதர், உள்ளே தன் மக்களிடமும் பேச வேண்டியிருந்தது. யூத காந்தி என்று அவரை அழைத்தது பொருத்தம்.

எங்கள் பகுதிச் சங்கம் ஒன்றின் விதியில், சொந்த வீடு உள்ளவரே உறுப்பினர் ஆகலாம் என்று இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் சந்தா தரலாம். கூட்டத்தில் கைதூக்க முடியாது. வாடகைக்காரராக வந்து, வீட்டுக்காரரின் முகவரியில் மனு எழுதிய மனிதர்களின் பிள்ளைகள்தான் அந்த விதியை எழுதியவர்கள். நானும் பல ஆண்டுகள் அதைக் கேள்வி கேட்காமல் இருந்தேன்.

*

கேள்வி எழுந்தது ஒரு சாவில். அத்திப்பட்டுப் பக்கம் பட்டறைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட லைன் வீடுகள் இருக்கின்றன. அறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். ஒடிசா, பீகார், அசாம், வங்காளத்திலிருந்து வந்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் ஒடிசாப் பையன் காய்ச்சலில் இறந்தான். வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரியின் தொலைபேசி அணைந்துகிடந்தது. உடலை ஊருக்கு அனுப்ப அவனோடு இருந்தவர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனார்கள். தெருவிலும் கேட்டார்கள். நான் பணம் கொடுத்தபோது, கண்ணாடி போட்ட ஒரு பையன் அட்டைப் பெட்டியின் கிழிந்த பக்கத்தில் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். உருண்டை உருண்டையான ஒடியா எழுத்து. எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அந்தப் பட்டியலை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அலமாரியில் அது ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது.

அடுத்த மாதமே அந்த லைன் வீடுகளின் முன்னால் சாக்கடை உடைந்து ஓடியது. சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினோம். 'அவங்க' என்று பேசினோம். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை என்பார்கள். பெரும்பாலும் உண்மை, பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது, தேர்தலுக்குப் போகக் கூலியும் விடுப்பும் இல்லை. இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2022 இறுதியில் அறிவித்து, அடுத்த மாதம் கட்சிகளுக்குக் காட்டவும் அழைத்தது, கட்சிகள் ஒப்பவில்லை. 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களில் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவும் வாக்காளர் பட்டியலைச் சுற்றியே நிற்கிறது.

வாக்கு வரும்வரை குரல் காத்திருக்க வேண்டுமா? லெவி காத்திருக்கவில்லை. எசெக்ஸ் தெருவின் பன்னிரண்டு பேர் காத்திருக்கவில்லை. அப்பாவின் முப்பத்தொரு பேரில் எத்தனை பேருக்கு அன்று இங்கே வாக்கு இருந்தது என்று நினைக்கிறீர்கள்? வாளியோடு வந்த பையன்கள் சங்கத்தின் முதல் வேலையைத் தாங்களே செய்து முடித்துவிட்டார்கள். சாவுக்குக் கூடிவிட்டார்கள். அடுத்த படிக்குத்தான் துணை வேண்டும்.

அந்தத் துணையாக மதராஸ் சாசனம் தந்தது போன்ற நாற்காலிகளை நான் கேட்கவில்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகக் காட்டும் அன்பு, வேலை குறைந்ததும் போய்விடும். 2020 ஊரடங்கில் அதை இந்த நாடு முழுதும் பார்த்தோம். ஊர் அவர்களுக்கு எதையும் தர வேண்டாம். அவர்கள் சங்கம் வைக்கக் குறுக்கே நிற்காமல் இருந்தால், கொஞ்சம் தோள் கொடுத்தால் போதும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். மின்யானுக்குப் பத்துப் பேர் வேண்டும். நம் சட்டம் அதைவிட மூன்று பேர் இளகியது. அந்த ஏழு பேர் எந்த ஊர் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற கேள்வி அதில் இல்லை. வேண்டியவை விதிகள், ஒரு நோட்டு, ஓர் அலுவலக முகவரி. விதி எழுத நம்மில் ஓய்வுபெற்றவர்கள் எத்தனையோ பேர் உதவலாம். நோட்டு அவர்களிடமே இருக்கிறது, அட்டைப் பெட்டியின் கிழிந்த பக்கமாக. முகவரிதான் சிக்கல். லைன் வீட்டு உரிமையாளர் எழுதித் தரமாட்டார். அறையை எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது.

என் வீட்டுக் கதவு எண்ணைக் கொடுப்பதாக அந்தக் கண்ணாடிப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் சொந்த வீடு கட்டி உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஏதோ ஒரு உள்ளூர்க்காரரின் முகவரியில் தன் முதல் கடிதத்தைப் பெற்றவர்தான். ஏழு பேர் அவர்களிடம் இருக்கிறார்கள். கதவு எண் நம்மிடம் இருக்கிறது. கொடுப்போம்.